தோமோ துறைமுகத்தில் இவர் காணாமல் போன மதியம்

"ரெண்டு நாள் போயிட்டு வாங்கம்மா. சின்ன ஊரு. கடல், கோயில், பழைய வீடுங்க. இதுக்குப் போய் ஏன் டென்ஷன் எடுத்துக்கறே?" என்றான் அருண்.

அருண் எங்கள் ஒரே பிள்ளை. புனே பக்கம் சாகணில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தவனைக் கம்பெனி ஹிரோஷிமாவுக்கு அனுப்பியிருந்தது. நானும் என் கணவரும் அதே பக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் தேஹு ரோட்டிலிருந்து அவனைப் பார்க்க வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அவனுக்கோ ஆடிட் நேரம். காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவான். அப்பாவும் அம்மாவும் நாலு சுவருக்குள் அடைந்து கிடக்கிறார்களே என்று நினைத்து, கிழக்கே தோமோனோஉரா என்ற பழைய துறைமுக ஊரில் எங்களுக்கு விடுதி ஏற்பாடு செய்துவிட்டான். ஊர்க்காரர்கள் சுருக்கமாகத் தோமோ என்கிறார்கள். என் வாயில் நுழைந்ததும் அதுதான்.

மறுப்பதற்கு என்னிடம் ஒரே ஒரு காரணம் இருந்தது. அதை அவனிடம் சொல்ல முடியாது.

இவருக்கு மறதி. கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று தேடுகிற மறதி அல்ல. ராணுவத் தளவாடக் கிடங்கில் ஸ்டோர்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். போன மழைக்காலத்தில் ஒரு நாள் புனேயிலிருந்து லோக்கலில் வீடு திரும்பும்போது எங்கே இறங்க வேண்டும் என்பதே மறந்து, கடைசி ஸ்டேஷனான லோணாவளா வரை போய் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தார். நரம்பு டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது ஆரம்பம்தான்" என்றார். ஆஸ்பத்திரி வாசலில் இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அருணுக்குச் சொல்லாத மல்லிகா. வேலைய விட்டுட்டு வந்து நிப்பான். யாருக்கும் சொல்லாத."

அன்றிலிருந்து யார் இவரிடம் எதைக் கேட்டாலும் பதில் என் வாயிலிருந்து வரும். ஹிரோஷிமாவிலும் அப்படித்தான். "நீ அப்பாவைப் பேசவே விட மாட்டேங்கறே" என்று அருண் சிரித்தான். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஃபுக்குயாமா வரை ரயில், அங்கிருந்து பஸ். ரயிலில் இவரை ஜன்னலோரம் உட்காரவைத்து, வழியை அடைத்தாற்போல நான் உட்கார்ந்துகொண்டேன். பஸ்ஸில்தான் சிக்கல். அங்கே நடுக்கதவில் ஏற வேண்டும், எண் போட்ட சீட்டை இழுத்துக்கொள்ள வேண்டும், முன்கதவில் காசு போட்டுவிட்டு இறங்க வேண்டும். நான் சீட்டிலிருந்த எண்ணையும் மேலே பலகையில் ஓடிய கட்டணத்தையும் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் இவர் பக்கத்துக் கம்பத்தில் இருந்த பொத்தானைக் கண்டுபிடித்துவிட்டார். அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும், ஒரு பெண் குரல் இனிமையாக ஏதோ சொல்லும். அடுத்த நிறுத்தத்தில் பஸ் நிற்கும். யாரும் இறங்க மாட்டார்கள். டிரைவர் கண்ணாடியில் பார்ப்பார், காத்திருப்பார், கிளம்புவார். விளக்கு அணைந்ததும் இவர் மறுபடி அழுத்துவார்.

"ஏங்க, கைய எடுங்க."

"லைட்டு அணைஞ்சி போச்சு, பாரு."

எனக்குத் தெரிந்த ஒரே மன்னிப்புச் சொல்லை, "சுமிமாசென்", டிரைவரைப் பார்த்துத் திரும்பத் திரும்பச் சொன்னேன். நம் ஊர் பஸ்ஸாக இருந்தால் கண்டக்டர் இரண்டாவது முறையே இறக்கிவிட்டிருப்பார். இங்கே ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த மரியாதை எனக்கு ஆறுதலாக இல்லை. மனதில் என்ன நினைக்கிறார்கள் என்றே தெரியாத மனிதர்களுக்கு நடுவில் பதற்றம் கூடத்தான் செய்கிறது.

ஆனால் ஊர் அழகு. மறைக்காமல் சொல்ல வேண்டும். அரைவட்டமாக வளைந்த சிறிய துறைமுகம், ஓரத்தில் பழைய கல்விளக்குத் தூண், அதன் காலடியிலிருந்து தண்ணீருக்குள் இறங்கும் கருங்கல் படிகள். நம் ஊர்க் குளத்துப் படித்துறையைக் கொண்டுபோய்க் கடலில் வைத்தது போல இருந்தது. சந்துகள் மிகக் குறுகல். புனேயின் பழைய பேட்டைகளில் எதிர் எதிர் வீட்டுக்காரர்கள் ஜன்னல் வழியாகச் சர்க்கரை கொடுத்து வாங்கலாம் என்பார்கள். இங்கேயும் வாங்கலாம். பேட்டைகளில் ஹார்ன் காதைக் கிழிக்கும், இங்கே எங்கள் செருப்புச் சத்தம் எங்களுக்கே கேட்டது. வலைக்கூடைகளில் மீன் காய்ந்துகொண்டிருந்தது. இவர் மூச்சை இழுத்து, "கருவாடு!" என்று குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார்.

எனக்குக் கண்ணில் பட்டது வேறொன்று. அந்தப் படிகளுக்குக் கைப்பிடி இல்லை. துறைமுகம் நெடுக ஒரு தடுப்பும் இல்லை. சாலை முடிகிற இடத்தில் தண்ணீர் ஆரம்பிக்கிறது.

விடுதியை நடத்துபவர் ஹிரோகோ சான் என்ற அம்மா. எழுபது வயதிருக்கும், முதுகு நேராக, நடை வேகமாக. அவருக்குத் தமிழோ இந்தியோ தெரியாது, எனக்கு ஜப்பானியம் தெரியாது. அருண் என் போனில் போட்டுக் கொடுத்த மொழிபெயர்ப்புக் கருவிதான் நடுவில் நின்று பேசியது. செய்தி வாசிப்பவர் குரலில், பாடப்புத்தகத் தமிழில். "தங்கள் பாதங்கள் களைப்புற்றுள்ளனவா? வெந்நீர்க் குளியல் ஆயத்தமாக உள்ளது" என்றது. இவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

இரவுச் சாப்பாடு கடல் மீன் போட்டுச் சமைத்த சோறு. மண்சட்டியைத் திறந்தால் முழு மீன் தலையோடு எங்களைப் பார்த்தது. நாங்கள் பிறந்தது வேலூர்ப் பக்கம், மீன் எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் அதில் உப்பைத் தவிர வேறு சுவையே எனக்குத் தட்டுப்படவில்லை. பையிலிருந்து தேச்சாவை எடுத்தேன். பச்சைமிளகாயும் பூண்டும் இடித்த அந்த மராட்டித் துவையல் இல்லாமல் நாங்கள் வெளியூர் கிளம்புவதில்லை. ஹிரோகோ சான் ஆசையாகக் கேட்டு ஒரு துளி நாக்கில் வைத்தார். கண்ணில் நீர் முட்ட, வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார். திரும்பி வந்து போனிடம் ஏதோ சொன்னார். போன் நிதானமாக அறிவித்தது: "நான் உயிருடன் இருக்கிறேன்."

இவர் அன்று ஒன்றையும் மறக்கவில்லை. அந்த அம்மாவிடம் தன் வேலை, தேஹு ரோடு ஸ்டேஷன், மழையில் கொராடேஷ்வர் மலை எப்படிப் பச்சையாகும் என்பதெல்லாம் சொன்னார். டாக்டர் தப்பாகச் சொல்லியிருப்பாரோ என்றுகூட எனக்குத் தோன்றியது. ஆனாலும் படுக்கும்போது என் பாயைக் கதவோரமாகப் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலையும் நல்லபடியாகவே போனது. குன்றின் மேல் ஒரு கோயில் மண்டபம், அதன் திறந்த பக்கத்தில் சட்டம் போட்ட படம் போல எதிரே தீவுகள். மருந்து மது விற்கும் ஒரு பழைய கடை. ஊருக்கே பெயர் வாங்கிக் கொடுத்த சரக்கு அது. மூலிகைகள் ஊறவைத்தது, மோந்து பார்த்தால் தசமூலாரிஷ்டம்தான். "இது எங்க அம்மா பிள்ளை பெத்தப்ப குடிச்சது" என்றார் இவர். கடைக்காரப் பெண் ஒன்றும் புரியாமலே தலைகுனிந்து சிரித்தாள்.

என் தீராத கவலை ஒன்று உண்டு. வெளியே போனால் நான் கழிப்பறைக்குப் போகிற நேரம். அந்த நேரத்தில் இவரை யாரிடம் விடுவது? தேஹு ரோட்டில் முடிந்தவரை அடக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். அன்று முடியவில்லை. கல்விளக்குக்குப் பக்கத்துப் பெஞ்சில் இவரை உட்காரவைத்து, சூடான தேநீர் பாட்டிலைக் கையில் கொடுத்து, "இங்கயே இருங்க. அசையக் கூடாது" என்றேன்.

"நான் என்னா சின்னப் பிள்ளையா?"

உள்ளே இருந்தபோது எங்கோ தூரத்தில் சங்கு ஊதியது. ஆலைச் சங்கு. தேஹு ரோட்டில் எல்லாரும் அதைப் போங்கா என்போம். மதியச் சாப்பாடு முடிந்து வேலைக்குத் திரும்பச் சொல்லும் போங்கா. எனக்கு அப்போதே ஏதோ உறைத்தது. கையைக்கூடச் சரியாகத் துடைக்காமல் வெளியே வந்தேன்.

பெஞ்சில் பாட்டில் மட்டும் இருந்தது.

முதலில் நான் பார்த்தது தண்ணீரைத்தான். படிகளில் இறங்கி, பாசி வழுக்கும் கடைசிப் படி வரை போய்ப் பார்த்தேன். தண்ணீர் தெளிவாக இருந்தது. அடியில் கற்கள் தெரிந்தன. ஒரு ஷூவோ குல்லாவோ தெரியவில்லை. தெரியாததை நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்வதா என்றும் தெரியவில்லை. பிறகு சந்து சந்தாக ஓடினேன். "ஏங்க! ஏங்க!" என்று கத்தினேன். கணவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லாத வாய். நாலாவது சந்தோ ஐந்தாவதோ, "செல்வராஜ்!" என்று முதல் தடவையாகக் கூவினேன். ஒரு பூனை மதிலிலிருந்து குதித்து ஓடியது.

இவருடைய போன் வைஃபை இருக்கும் இடத்தில்தான் வேலை செய்யும். அருணைக் கூப்பிட விரல் போனது. கூப்பிட்டால் என்னவென்று சொல்வது? அப்பா கடைக்குப் போயிருக்கிறார், வந்துவிடுவார் என்றா? அவருக்கு என்ன, பெரிய மனுஷர், ஏன் பதறுகிறாய் என்பான். போனை இடுப்பில் செருகிக்கொண்டு விடுதிக்கு ஓடினேன்.

ஹிரோகோ சான் வாசலில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க போனிடம் சொன்னேன். அது என்ன மொழிபெயர்த்ததோ, அவருடைய பதில் இப்படி வந்தது: "தங்கள் கணவர் தங்களை விட்டு ஓடிப்போய்விட்டாரா?"

"இல்ல, இல்ல! காணோம்! வழி தெரியாது!"

அவர் அதற்கு மேல் போனைக் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். உள்ளே போய் யாருக்கோ பேசினார். சற்று நேரத்தில் ஒரு இளம் போலீஸ்காரர் சைக்கிளில் வந்தார். இறங்கி, சைக்கிளை நிறுத்தி, தொப்பியைச் சரிசெய்து, குனிந்து வணங்கினார். எனக்கு அந்த வணக்கம் முடிகிற வரை பொறுமை இல்லை. வயது, உயரம், சட்டை நிறம் எல்லாம் கேட்டார். பழுப்பு ஸ்வெட்டர், கம்பளிக் குல்லா, கறுப்பு ஷூ. பிறகு தன் போனை என் முன்னால் நீட்டினார்.

"அன்னாருக்கு மறதி நோய் உள்ளதா?" என்று அந்தக் குரல் கேட்டது.

எங்கள் குடியிருப்பில் எதிர்வீட்டு அம்மா ஷிந்தே பாபிக்குக்கூடத் தெரியாது. என் தங்கைக்குத் தெரியாது. பிள்ளைக்குத் தெரியாது. தெரு முனையில், முன்பின் பார்த்திராத ஒரு போலீஸ்காரரின் போனைப் பார்த்து, "ஆமா, மறதி நோய்" என்றேன்.

போன் ஜப்பானியத்தில் ஒரு சொல் சொன்னது. "நின்சிஷோ." போலீஸ்காரர் தலையசைத்தார். ஹிரோகோ சானும் தலையசைத்தார். பக்கத்துக் கதவிலிருந்து எட்டிப் பார்த்த ஒரு கிழவரும் தலையசைத்தார். ஐயோ என்று ஒருவரும் சொல்லவில்லை. போலீஸ்காரர் அடுத்த கேள்விக்குப் போனார். ஊரில் ஒலிபெருக்கி இருக்கிறது, புயல் எச்சரிக்கை சொல்வதற்காக. அதில் அறிவிக்கலாமா? பெயர் சொல்லலாமா?

யாருக்கும் சொல்லாத மல்லிகா. ஆஸ்பத்திரி வாசலில் பிடித்த அந்தக் கை என் மணிக்கட்டில் இன்னும் இருந்தது. பிறகு அந்தக் கைப்பிடி இல்லாத படிகள் ஞாபகம் வந்தன.

"சொல்லுங்க" என்றேன்.

முதலில் மணியோசை. பிறகு ஒரு பெண் குரல், ஒவ்வொரு சொல்லுக்கும் இடைவெளி விட்டு, மிக மெதுவாக. துறைமுகத்துக் கம்பத்திலிருந்து ஒரு சொல் வரும், குன்றின் மேலிருந்து அதே சொல் ஒரு நொடி பிந்தி வரும், எதிர்த் தீவில் மோதி மறுபடியும் வரும். எனக்குப் புரிந்தவை இரண்டே. "இந்தோ", அதாவது இந்தியா. பிறகு, "செருபராஜு சான்." கடல் முழுக்க என் கணவரின் பெயர் உடைந்து உடைந்து மிதந்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஓடிப்போய் அந்தக் கம்பத்தின் வாயைப் பொத்த வேண்டும் போல இருந்தது.

அப்போது கதவுகள் திறந்தன. காலையில் பார்த்த மருந்து மதுக் கடைப் பெண் கடையைச் சாத்திவிட்டு வந்தாள். மீன் கழுவிக்கொண்டிருந்தவர் ரப்பர் பூட்ஸோடு வந்தார். தபால்காரர் பைக்கைத் திருப்பினார். ஒரு படகு கயிற்றை அவிழ்த்துக்கொண்டு துறைமுகச் சுவரை ஒட்டி மெல்லப் போனது. அது எதைத் தேடுகிறது என்பது எனக்குப் புரிந்தது. நான் திரும்பிக்கொண்டேன்.

இவ்வளவு நடக்கும்போது போலீஸ்காரர் ஜப்பானில் எங்கள் உறவினர் யார் என்று கேட்டு, அருணின் எண்ணை வாங்கியிருந்தார். நான் பேசிக்கொள்கிறேன் என்று சொல்வதற்குள் அவரே பேசிவிட்டார். அடுத்த நிமிடம் என் போன் அடித்தது.

"அம்மா, போலீஸ் போன் பண்ணாங்க. அப்பா காணோம்னு. அப்பாவுக்கு நின்சிஷோன்னு வேற சொல்றாங்க. டிரான்ஸ்லேட்டர் தப்பா சொல்லியிருக்கும், இல்ல?"

"தப்பா சொல்லலப்பா."

அவனுக்கு மனசு கலங்கினால் தமிழ் வராது, இந்திதான் வரும். "கப் சே, மா?" என்றான். எப்போதிருந்து?

"போன மழைக்காலத்துலேருந்து."

"நான் வரேன்" என்று வைத்துவிட்டான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஹிரோகோ சான் என்னைத் தேட விடவில்லை. இவரே திரும்பி வந்தால் தெரிந்த முகம் வாசலில் இருக்க வேண்டும் என்று உட்காரவைத்துவிட்டார். அப்படி உட்கார்ந்திருந்ததுதான் கொடுமை. கண்ணுக்கெதிரே தெருவில் வெயில் மஞ்சளாகிக்கொண்டு வந்தது. இருட்டினால் குளிரும். இவருக்கு ஒரு ஸ்வெட்டர் போதாது. போனை எடுப்பேன், பார்ப்பேன், வைப்பேன். இவர் இல்லாமல் விமானத்தில் ஏறுவதாக ஒரு நினைப்பு வந்து, அதைத் துரத்துவதற்காக எழுந்து நின்றேன்.

போலீஸ்காரரின் இடுப்பில் கருவி கரகரத்தது. அவர் முகத்தையே பார்த்தேன். அது இறுகியே இருந்தது, பிறகு தளர்ந்தது. என்னைப் பார்த்து, மொழிபெயர்ப்பு எதுவும் இல்லாமல் சொன்னார். "தைஜோபு. தைஜோபு." பரவாயில்லை, பத்திரம். அந்தச் சொல் எனக்கு ஹிரோஷிமாவிலேயே தெரியும்.

ஊருக்கு வடக்கே கடலோரமாக இரும்புப் பட்டறைகள் இருக்கின்றன. அந்தக் காலத்தில் கப்பல் நங்கூரம் அடித்த ஊராம் இது. போலீஸ் காரில் அங்கே போனோம். ஒரு பட்டறையின் கதவருகே, பிளாஸ்டிக் நாற்காலியில், கையில் டப்பாக் காப்பியோடு இவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட பெட்டிமேல், வேலை உடுப்பில், நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு ஆள்.

இவர் என்னைப் பார்த்து முகம் சுளித்தார். "நீ ஏன் இங்க வந்தே? டிப்போ கேட்டுக்குள்ள ஃபேமிலிய விட மாட்டாங்க."

அந்த ஆள் எழுந்து இந்தியில், "நமஸ்தே தீதி", வணக்கம் அக்கா, என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் பெயர் தீபக், நேபாளத்துக்காரர், அந்தப் பட்டறையில் வெல்டர். நடந்ததை அவர்தான் சொன்னார்.

"சாப்பாட்டு நேரம் முடிஞ்சு சைரன் ஊதிச்சு. எல்லாரும் உள்ள வந்தோம். இவரும் எங்ககூடவே வந்தார். கதவுகிட்ட எங்க அட்டெண்டன்ஸ் கார்டெல்லாம் சொருகியிருக்கும். அதுக்கு முன்னாடி நின்னு, 'என் கார்டு எங்க? யார் எடுத்தா?'ன்னு இந்தியில கத்தறார். தீதி, இந்தப் பட்டறையில இந்தி கேட்டதே இல்ல. எனக்குத்தான் ஏதோ ஆயிடுச்சுன்னு பயந்துட்டேன்."

"அப்புறம்?"

"முதலாளி வந்தார், இவர் இன்னும் பதறினார். வேலைக்கு லேட் ஆயிடுச்சு, ஆபீசர் சாப் திட்டுவார்னு. எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல. கையப் பிடிச்சு, 'அங்கிள், ஆஜ் தோ ஆப்கி சுட்டி ஹை'ன்னேன்."

அங்கிள், இன்றைக்கு உங்களுக்கு லீவு.

"யாரு சேங்ஷன் பண்ணதுன்னு கேட்டார். பெரிய சாப்னு சொன்னேன். 'அப்ப சரி'ன்னு உட்காந்துட்டார். கொஞ்ச நேரத்துல மைக்குல பேர் வந்துச்சு. உடனே முதலாளி போன் பண்ணிட்டார்."

நான் தீபக்கின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன். கரியும் எண்ணெயும் என் கையில் ஒட்டின.

விடுதிக்குத் திரும்பியபோது வாசற்படியில் ஆரஞ்சுப் பழப் பை ஒன்று இருந்தது. யார் வைத்தார்கள் என்று ஹிரோகோ சானுக்கே தெரியவில்லை. தேடப் போனவர்களில் யாராவது இருக்கும் என்றார். பிறகு போனை எடுத்து என் மடியில் வைத்துப் பேசினார். "என் மாமனார் அடிக்கடி ஒலிபெருக்கியில் வருவார். ஊரே தேடும். மிக வேகமாக நடப்பவர். பிடிப்பது கடினம்." சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

விளக்கு ஏற்றும் நேரத்தில் அருண் வந்து சேர்ந்தான். ஆபீஸ் பேட்ஜ் இன்னும் கழுத்தில் தொங்கியது. அப்பாவின் முகத்தையும் கைகால்களையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"இவ்ளோ நாளா மறைச்சிருக்கே. தண்ணில விழுந்திருந்தா? நான் யாரு உங்களுக்கு, பக்கத்து வீட்டுக்காரனா?"

நான் ஆரஞ்சுப் பழம் ஒன்றை எடுத்து உரிக்க ஆரம்பித்தேன்.

"அம்மாவத் திட்டாத" என்றார் இவர். குரல் தெளிவாக இருந்தது. காப்பியும் சூடான குளியலுமா, அந்த நேரமா தெரியாது, இவர் முழுதாகத் திரும்பியிருந்தார். "நான்தான் சொல்ல வேணாம்னேன்."

"ஏன்ப்பா?"

"என்னைப் பாத்து நீ பயப்படக் கூடாதுன்னு."

அருண் உதட்டைக் கடித்துக்கொண்டான். "இப்ப பயமா இருக்கு."

"எனக்கும்" என்றார் இவர்.

ஹிரோகோ சான் மூன்று கிண்ணம் சோறு கொண்டுவந்து வைத்தார். தேச்சாவின் பக்கம் மட்டும் போகவில்லை.

காலையில் மூவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். இவருக்கு ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் அருண். மீன்காரர் கத்தியை வைத்துவிட்டு, "செருபராஜு சான்!" என்று கையாட்டினார். தபால்காரர் தலைகுனிந்தார். மாடியில் துணி உலர்த்திய ஒரு பெண் கிளிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டே வணங்கினாள். இவரும் ஒவ்வொருவருக்கும் பெருமையாகக் கையாட்டினார். பஸ்ஸில் ஏறியதும் என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"இவங்களுக்கெல்லாம் என்னை எப்படித் தெரியும்?"

பழக்கத்தில் நான் ஒரு பொய்யைத் தேடினேன். அருண் முந்திக்கொண்டான். "நேத்து நீங்க காணாமப் போயிட்டீங்கப்பா. இவங்கெல்லாம் தேடினாங்க."

இவர் எழுந்து, பஸ் கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்து, அந்த ஊர் வழக்கப்படி இடுப்பை வளைத்து வணங்கினார். பஸ் கிளம்பியபோது தடுமாறினார். அருண் பிடித்துக்கொண்டான்.

தேஹு ரோட்டுக்குத் திரும்பிய மறுநாள் காலை நான் முதலில் ஷிந்தே பாபியிடம் சொன்னேன். அடுத்துப் பால்காரரிடம், மளிகைக் கடையில். எங்கள் ஊரில் கம்பத்தில் ஒலிபெருக்கி இல்லை, நானேதான் போய்ச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் அதே கூச்சம், அதே நெஞ்சுத் துடிப்பு. சொன்னதும் குறையவும் இல்லை. கடைசியாக ஸ்டேஷனுக்கு வெளியே ஷேர் ரிக்ஷாக்கள் நிற்கும் இடத்துக்குப் போனேன். அங்கே எனக்கு முகம் தெரிந்த டிரைவர் ஒருவர் உண்டு, எங்களை மராத்தியில் காகா, காக்கூ, அதாவது சித்தப்பா, சித்தி என்பார். காகாவுக்கு மறதி நோய், தனியாக எங்கேயாவது பார்த்தால் வீட்டில் கொண்டுவந்து விடுங்கள் என்று மராத்தியும் இந்தியும் கலந்து சொன்னேன்.

அவர் புகையிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"தெரியும் காக்கூ. நீங்க மார்க்கெட் போற நேரத்துல இங்க வந்துடுவார், நாங்கதானே கொண்டுவந்து விடறோம். உங்க தெரு முனை வரைக்கும் வந்து எறக்கிவிடுவோம். வீட்டுல சொல்லிடாதீங்கன்னு காகா கையப் பிடிச்சுக் கேப்பார். அதான் சொல்லல."

நான் ரிக்ஷாவின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"எத்தனை தடவை?"

அவர் பக்கத்து ரிக்ஷாக்காரரைப் பார்த்தார். அந்த ஆள் அடுத்தவரைப் பார்த்தார். "யாரு கணக்கு வெச்சா, காக்கூ?" என்றார் மூன்றாமவர்.

நான் அவர்கள் ஒவ்வொருவரின் போனையும் வாங்கி என் எண்ணை ஏற்றினேன். பெயர் போடும் இடத்தில், செல்வராஜ் காகா வீடு என்று எழுதினேன். பிறகு, இவர் தனியாக இருக்கிறாரே என்ற நினைப்பு வர, வீட்டை நோக்கி வேகமாக நடந்தேன்.